ஐந்து வினாடி நெருப்பு: தோட்டா உறையை இளக்கும் வீட்டு இயந்திரம்

ரைபிள் தோட்டாவின் காலி உறை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியும் நடுவுடலும் தேய்த்து வைத்த குத்துவிளக்கு மாதிரி மஞ்சளாக இருக்கும். குண்டு செருகும் கழுத்தும் அதற்குக் கீழே சரியும் தோளும் மட்டும் சில உறைகளில் வேறு நிறமாகத் தெரியும். பழுப்பில் தொடங்கி ஊதா, நீலம் என்று மழை ரோட்டில் சிந்திய பெட்ரோல் போல ஒரு சாயல். அழுக்கு என்று துடைத்துப் பார்த்தால் போகாது. தொழிற்சாலையில் அந்த இடத்துக்கு மட்டும் சூடு காட்டி இளக்கியதன் தடம் அது. அமெரிக்க ராணுவத்துக்குப் போகும் தோட்டாக்களில் இந்தக் கறையை அழிக்காமல் விடுவார்கள், வேலை நடந்திருப்பது பார்த்தாலே தெரியட்டும் என்று. கடைக்குப் போகும் சரக்கில் பல கம்பெனிகள் மெருகு போட்டுப் போக்கிவிடும்.

இந்த வேலைக்கு அனீலிங் என்று பெயர். நகை செய்யும் பத்தரைக் கேட்டால் ‘காய்ச்சுவது’ என்பார். அமெரிக்காவில் சுட்டு முடித்த உறையில் மறுபடியும் வெடிமருந்தும் குண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் பொழுதுபோக்கு பரவலாக உண்டு. அதை ரீலோடிங் என்கிறார்கள். அதில் ஊறிய ஆட்களில் ஒரு சாரார் கார் ஷெட்டில் உட்கார்ந்து, கேக் சுடும் அலுமினியத் தட்டு, 12 வோல்ட் மோட்டார், இரண்டு கேஸ் டார்ச் (தீயைப் பீய்ச்சும் கருவி) இவற்றை வைத்து, உறையின் கழுத்தைக் காய்ச்ச ஓர் இயந்திரம் செய்துகொள்கிறார்கள். ஒரு விரல் நீளப் பித்தளைக் குழாயை நெருப்பில் ஐந்து வினாடி காட்டுவதற்கு எதற்கு இயந்திரம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும்; உரிமம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து நிரப்புவது பொழுதுபோக்கு ஆகாது, குற்றம் ஆகும். ஆகவே இது செய்து பார்க்கச் சொல்லும் குறிப்பு இல்லை. பித்தளை என்ற, நம் சமையலறையிலும் பூஜையறையிலும் கிடக்கும் உலோகம் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

தோட்டா உறைக்கான பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. குளிர்ந்த நிலையிலேயே இழுக்கவும் அழுத்தவும் நன்றாக வளைந்து கொடுக்கும் கலவை இது. ஆனால் ஒவ்வொரு முறை வளைக்கும்போதும் கொஞ்சம் விறைத்துக்கொள்ளும். ஒரு செம்புக் கம்பியை எடுத்து ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கிப் பாருங்கள். முதல் மடக்கு நூல் மாதிரி இருக்கும். ஐந்தாறு முறை ஆனதும் அந்த இடம் முரண்டு பிடிக்கும். அப்புறம் ஒடிந்துவிடும். உலோகத்துக்குள் அணுக்களின் அடுக்கு வரிசையில் இருக்கும் சிறு பிசகுகள்தான் முதலில் சுலபமாக நகர்ந்து வளைய விடுகின்றன. வளைக்க வளைக்க அவை பெருகி, வாராத தலைமுடி போல ஒன்றோடொன்று சிடுக்காகிவிடுகின்றன. சிடுக்கு விழுந்த பின் எதுவும் நகராது. நகராத உலோகத்தைத்தான் கெட்டி என்கிறோம்.

சின்ன வயதில் பத்தர் கடையில் தங்கக் கம்பி இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். துளைத் தகட்டில் பெரிய துளையில் தொடங்கிச் சிறிய துளை வரை கம்பியைக் குறட்டால் பிடித்து இழுப்பார். சில துளைகள் தாண்டியதும் கம்பி முறுக்கிக்கொள்ளும். உடனே அதை வளையமாகச் சுற்றி வைத்து, ஊதுகுழலால் லேசாகச் சூடு காட்டுவார். மறுபடி கம்பி நூலாகிவிடும். சூட்டில் சிடுக்கு விழுந்த பழைய மணிகளின் இடத்தில் சிடுக்கில்லாத புதிய மணிகள் முளைத்து வளர்வதுதான் அங்கே நடப்பது. ‘மணி’ என்று நான் சொல்வது உலோகத்தின் நுண்படிகங்களை.

தோட்டா உறைக்கு வருவோம். சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்தில் பித்தளை விரிந்து, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் வாயு பின்பக்கமாகக் கசிவதில்லை. குண்டு போனதும் சற்றே சுருங்கி வெளியே வருகிறது. மறுபடி நிரப்புகிறவர் அதை எஃகு அச்சில் இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார். அப்புறம் கழுத்துக்குள் ஓர் உருண்டையை இழுத்துச் சிறிது விரிக்கிறார். அப்புறம் குண்டைச் செருகுகிறார். விரிவு, சுருக்கம், மறுபடி விரிவு. கழுத்தின் சுவர் கிட்டத்தட்ட 0.38 மில்லிமீட்டர்தான். ஏழெட்டுச் சுற்றில் அங்கே மயிரிழை போல நெடுக்கே ஒரு கீறல் விழும். உறை குப்பைக்கு. நல்ல கம்பெனி உறை ஒன்று ஒரு டாலருக்கு மேல் விற்கும்போது அது வலிக்கும்.

விலை மட்டும் இல்லை. கெட்டியான கழுத்து அச்சிலிருந்து வெளியே வந்ததும் ஸ்பிரிங் போலக் கொஞ்சம் திரும்பி விரியும். எவ்வளவு விரியும் என்பது எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்தது. ஐந்து முறை சுட்ட உறையும் இரண்டு முறை சுட்ட உறையும் குண்டை ஒரே இறுக்கத்தில் பிடிக்காது. 600 மீட்டர், 1,000 மீட்டர் தூரத்துக்குச் சுடுகிறவர்களுக்கு இது தலைவலி.

பித்தளைத் தோட்டாவின் கழுத்து விரிசலுக்கு நம் மண்ணோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் படை இந்தியாவில் இருந்த காலத்தில், மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும். தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை விட்டு வெயில் வந்து பெட்டியைத் திறந்தால், ஒருமுறைகூடச் சுடாத தோட்டாக்களில், குண்டைப் பிடித்து இறுக்கிய கழுத்திலேயே வெடிப்பு. பதப்படுத்தும் மரக்கட்டை வெயிலில் காய்ந்து பிளப்பது போல இருந்ததால் அதற்கு ஆங்கிலத்தில் ‘பருவ வெடிப்பு’ என்ற பொருளில் ஒரு பெயர் விழுந்தது. மழை, வெயில், வெப்பநிலை மாற்றம் என்று காரணம் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் முடிச்சை அவிழ்த்தார்கள். குற்றவாளி குதிரை மூத்திரம்! அதிலிருந்து வரும் அம்மோனியா, மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து பித்தளையின் மணிகளுக்கு இடையிலான எல்லைகளை அரிக்கிறது. ஆனால் அம்மோனியா மட்டும் போதாது. உலோகத்துக்குள் ஏற்கெனவே இழுவிசை குடியிருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் இழுத்துச் செய்த உறையில், அதுவும் குண்டை நெரித்துப் பிடித்திருக்கும் கழுத்தில், அது தாராளமாக இருந்தது. அரிப்பு ஒரு நூலளவு வழி காட்டியதும் உள்ளே அடைபட்டிருந்த விசை அதைப் பிளந்துகொண்டு போயிருக்கிறது.

வைத்தியமும் அந்த விளக்கத்திலேயே இருந்தது. 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் மிதமாகக் காய்ச்சினால் உள்விசை தணியும், கெட்டித்தன்மை பெரிதாகக் குறையாது. பித்தளைப் பொருளுக்குள் விசை மிச்சம் இருக்கிறதா என்று சோதிக்க மெர்குரஸ் நைட்ரேட் என்ற பாதரச உப்பின் கரைசலில் முக்கிப் பார்க்கும் முறையும் உண்டு. விசை இருந்தால் அது பிளந்து காட்டிக்கொடுத்துவிடும். இன்றைக்கும் ரீலோடிங் செய்கிறவர்கள் அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷைத் தோட்டா உறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று ஒருவரை ஒருவர் எச்சரித்துக்கொள்வது இந்தக் குதிரை லாயத்தின் மிச்சம்தான்.

சரி, இளக்கினால் நல்லது என்றால் அடுப்பில் மொத்தமாகக் கொட்டி வறுத்துவிட வேண்டியதுதானே? கூடாது. உயிருக்கே ஆபத்து வரும் இடம் அது. ஓர் உறையின் மூன்று பகுதிகளுக்கு மூன்று குணம் வேண்டும். கழுத்தும் தோளும் இளக்கமாக இருக்க வேண்டும். நடுவுடல் ஸ்பிரிங் குணத்தோடு விரிந்து சுருங்க வேண்டும். அடிப்பகுதி கெட்டியாகவே இருந்தாக வேண்டும். .308 வின்செஸ்டர் என்ற ரக ரைபிள் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 32 பவுண்டு. அடிப்பகுதி இளகியிருந்தால் அந்த அழுத்தத்தில் அது பிதுங்கி, சூடான வாயு சுடுகிறவரின் முகத்துப் பக்கம் வரும். கழுத்தைக் காய்ச்சத் தவறினால் ஓர் உறைதான் போகும்; அடியைக் காய்ச்சிவிட்டால் கண்ணே போகலாம்.

ஆக, இந்த ரகத்தின் 51 மில்லிமீட்டர் நீள உறையின் ஒரு முனையில் 400 டிகிரிக்கு மேல் வேண்டும். தோளுக்குச் சற்றுக் கீழே 250-ஐத் தாண்டக் கூடாது. அடி சூடாகவே கூடாது. இவ்வளவும் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் உலோகத்தில். இந்த இடத்தில்தான் கணக்கு சுவாரசியமாகிறது.

முழு உறை 11 கிராம் இருக்கும். அதில் கழுத்தும் தோளும் 3 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பித்தளையின் ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்ற 0.38 ஜூல் போதும். 400 டிகிரி ஏற்ற மொத்தம் 450 ஜூல் சொச்சம். ஐந்து வினாடியில் அது உள்ளே போக வேண்டுமென்றால் 90 வாட். பழைய டேபிள் பேன் ஒன்று இழுக்கும் மின்சாரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்! அடுத்த கேள்வி, அந்தச் சூடு அதற்குள் எவ்வளவு தூரம் ஓடும்? பித்தளையின் கடத்தும் வேகத்தை வைத்துப் பார்த்தால் ஐந்து வினாடியில் சுமார் 14 மில்லிமீட்டர். இருபது வினாடியில் 27 மில்லிமீட்டர். அதாவது ஐந்து வினாடியில் முடித்தால் சூடு தோளோடு நிற்கிறது. மெல்லிய தீயில் இருபது வினாடி வாட்டினால் பாதி உடல் வரை இறங்கிவிடுகிறது. மெதுவாகக் காய்ச்சினால் பத்திரம் என்பது நம் சமையல் புத்தி. இங்கே அது தலைகீழ். பலமான தீ, குறைந்த நேரம், அதுவும் ஒவ்வோர் உறைக்கும் அதே நேரம். தீ எல்லோரிடமும் இருக்கிறது. ஐந்நூறாவது உறைக்கும் முதல் உறைக்கும் கால் வினாடிகூட வித்தியாசம் காட்டாத கைதான் யாரிடமும் இல்லை. இயந்திரம் கட்டுவது அதற்குத்தான்.

இயந்திரத்துக்கு முன்னால் இருந்த முறைகளைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். மெழுகுவத்தி முறை என்று ஒன்று இருந்தது. உறையின் அடியை விரலால் பிடித்துக்கொண்டு கழுத்தை மெழுகுவத்திச் சுடரில் உருட்ட வேண்டும்; விரல் தாங்காத நேரம் வந்ததும் தண்ணீரில் போட வேண்டும். விரலே வெப்பமானி! அடி நிச்சயம் கெடாது, பாதுகாப்பு. ஆனால் மெழுகுவத்திச் சுடர் மொத்தமாக வெளியிடுவதே 80 வாட் அளவுதான். அதில் பெரும்பங்கு காற்றோடு போய்விடும். கழுத்துக்கு 90 வாட் தேவை என்று இப்போதுதான் கணக்குப் போட்டோம். விரல் சுட்டதைத் தவிர அந்த முறையில் கழுத்து உருப்படியாக இளகியிருக்குமா என்பது என் சந்தேகம்.

அடுத்தது தண்ணீர்த் தட்டு முறை. தட்டில் தண்ணீர் ஊற்றி, உறைகளைப் பாதி முங்க நிறுத்தி, டார்ச்சால் கழுத்தைச் சூடாக்கி, நிறம் மாறியதும் ஒரு குச்சியால் தட்டிச் சாய்ப்பார்கள். அடி தண்ணீரில் இருப்பதால் பயமில்லை. ஆனால் தீ ஒரு பக்கமாகவே படும். கழுத்தின் ஒரு பாதி இளகி மறுபாதி முறைத்துக்கொண்டு நிற்கும். அப்புறம் வந்தது டிரில் முறை. பேட்டரி டிரில்லின் முனையில் ஆழமான சாக்கெட் ஒன்றை மாட்டி, அதற்குள் உறையைப் போட்டுச் சுழற்றிக்கொண்டே தீயில் காட்டி, மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவது. சுற்றிலும் சமமாகச் சூடேறும். நாற்பது உறைக்கு நன்றாக இருக்கும். நாற்பத்தொன்றாவதில் போன் அடித்தால் எண்ணிக்கை கோவிந்தா.

மெழுகுவத்தி முறையிலும் தட்டு முறையிலும் தண்ணீர் வருவதால் ஒரு விளக்கம். கொல்லர் பட்டறையில் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் விட்டுத் தோய்ச்சல் கொடுப்பதைப் பார்த்த நமக்கு, சூட்டோடு தண்ணீரில் போட்டால் உலோகம் கெட்டியாகும் என்பது மனதில் பதிந்த பாடம். அது எஃகுக்கு, அதிலுள்ள கரியால் வரும் குணம். பித்தளை அப்படி இல்லை. தண்ணீரில் போட்டாலும் காற்றில் ஆறினாலும் இளகியது இளகியதுதான். சூடு மேற்கொண்டு அடிக்கு ஓடாமல் தடுக்கத்தான் தண்ணீர் என்பார்கள். அதிலும் முன்பு போட்ட கணக்கை நீட்டினால், கழுத்தில் ஏறிய 450 ஜூல் 11 கிராம் முழுவதும் பரவினாலும் உறை மொத்தமும் 140 டிகிரி வாக்கில்தான் நிற்கும். அடியை இளக்க அது போதாது. சரியான நேரத்தில் தீயை விட்டு வெளியே வந்த உறைக்குத் தண்ணீரே தேவையில்லை. வாளி இருந்தால் கை சுடாது, உறையை மட்டும் அப்புறம் காயவைக்க வேண்டும்.

இப்போது இயந்திரம். வீட்டில் கட்டுகிறவர்கள் செய்வதில் எளிமையானதன் அமைப்பு இப்படி இருக்கும். மேலே சாய்வான ஒரு தொட்டி, உறைகள் படுத்தவாக்கில் அடுக்காக இருக்கும். அதன் வாயில் மெதுவாகச் சுற்றும் சக்கரம். விளிம்பில் ஓர் உறை மட்டும் உட்காரும் அளவுக்குப் பள்ளம். இந்தச் சக்கரத்துக்குத்தான் கேக் தட்டு. சக்கரம் சுற்றும்போது பள்ளத்தில் விழுந்த உறை, கீழே அசையாமல் நிற்கும் தகட்டில் உரசியபடி போகும். உரசுவதால் தானாக உருளும். உருளுவதால் தீ சுற்றிலும் படும். தனியாகச் சுழற்ற மோட்டார் வேண்டாம், அதில்தான் கெட்டிக்காரத்தனம். கழுத்து தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே எதிரெதிராக இரண்டு டார்ச். தீயைத் தாண்டியதும் தகட்டில் ஓர் ஓட்டை, ‘டங்’ என்று உறை கீழே தட்டில் விழும். அதற்குள் அடுத்தது தீக்குள் வந்திருக்கும்.

நிமிடத்துக்குச் சில சுற்று மட்டும் சுற்றும் கியர் மோட்டார், அதன் வேகத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன மின்னணுப் பலகை. மின்சாரம் சம்பந்தப்பட்டது இவ்வளவுதான். கட்டுவது ஒரு வார இறுதி வேலை. சரிப்படுத்துவதுதான் மாசக்கணக்கில் போகும். டார்ச் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால் கழுத்துக்குப் போகும் சூடு மாறும். அலுமினியச் சக்கரமே போகப்போகச் சூடேறி, பின்னால் வரும் உறைகள் சீக்கிரம் காய்ந்துவிடும். கேஸ் வேறு விளையாடும்: உள்ளே திரவமாக இருக்கும் புரொப்பேன் ஆவியாகும்போது சிலிண்டர் சில்லிட்டு, அழுத்தம் இறங்கி, சுடர் மெல்ல மெல்லச் சோம்பும். ஷெட் கதவு வழியாக வரும் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தத் தொல்லை தாங்காமல் தீயையே விட்டுவிட்டவர்கள் தூண்டல் முறைக்குப் போனார்கள். நம் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பின் தத்துவம்தான். செம்புக் குழாயைச் சில சுற்றுச் சுற்றி, அதில் வினாடிக்கு ஒரு லட்சம் முறை முன்னும் பின்னும் போய்வரும் மின்னோட்டத்தை விட்டால், உள்ளே நிற்கும் கழுத்தில் மின்னோட்டம் தானாகச் சுழன்று சூடேறும். அந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் பித்தளையின் மேற்பரப்பிலிருந்து சுமார் 0.4 மில்லிமீட்டர் ஆழத்தில் ஓடும். கழுத்துச் சுவரும் கிட்டத்தட்ட அதே தடிமன். வேண்டுமென்றே பொருத்தியது போல!

இதற்கான 1,000 வாட் மின்னணுப் பலகை சீனாவிலிருந்து ஆன்லைனில் மலிவாக வருகிறது. 48 வோல்ட் பவர் சப்ளை, நேரம் எண்ண ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை, உறையைக் கீழே விட ஒரு சின்னக் கதவு, செம்புக் குழாய்ச் சுருளுக்குள் தண்ணீர் ஓட மீன்தொட்டி பம்பு. நேரத்தை நூறில் ஒரு பங்கு வினாடி வரை நிர்ணயிக்கலாம். ஆனால் அந்தப் பலகைக்கு ஒரு வியாதி: மின்னழுத்தம் சட்டென்று வராமல் தயங்கித் தயங்கி ஏறினால் மின்னோட்டம் முன்னும் பின்னும் ஊசலாடத் தொடங்காது, இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒருசேரத் திறந்துகொண்டு புகைந்துவிடும். அதனால் பவர் சப்ளையை முதலில் ஓடவிட்டு, அப்புறம் ரிலே என்ற மின்சுவிட்ச் வழியாகப் பலகைக்கு மின்சாரத்தைத் திறக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள முதல் பலகையைப் பலி கொடுக்காதவர் குறைவு.

எந்த இயந்திரமானாலும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: எத்தனை வினாடி? கண்ணை நம்பினால் மோசம் போகலாம். உலோகம் இருட்டில் மங்கலாகச் சிவக்கத் தொடங்குவதே 525 டிகிரி வாக்கில். சில வினாடி வேலைக்கு அது ஏற்கெனவே மேல் எல்லை. பகல் வெளிச்சத்தில் சிவப்பு தெரிந்தால் தாண்டியாயிற்று. அதிகமாகக் காய்ந்தால் மணிகள் பெருத்துவிடும். அப்படிப்பட்ட கழுத்தை அச்சில் அழுத்தினால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகும். குண்டைப் பிடிக்கத் தெம்பிருக்காது. இளகாததை இன்னொரு முறை காய்ச்சலாம், அளவுக்கு மேல் இளகிய கழுத்தை வீட்டில் மீட்க வழி கிடையாது.

விவரமானவர்கள் குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் அரக்குப் பூச்சைப் பயன்படுத்துகிறார்கள். 400 டிகிரிப் பூச்சைக் கழுத்தின் உட்புறம் ஒரு கோடு. 240 டிகிரி வாக்கில் உருகுவதைத் தோளுக்குக் கீழே உடலில் ஒரு கோடு. பழைய உறை ஒன்றைத் தீக்குள் அனுப்பினால் முதல் கோடு உருகி, இரண்டாவது கோடு உருகாமல் வர வேண்டும். அப்படி வரும்வரை மோட்டார் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். ஐந்தாறு பழைய உறை இந்தச் சோதனையிலேயே தீரும். கம்பெனி மாறினால் சுவர்த் தடிமன் மாறும், அப்போது மறுபடி முதலிலிருந்து.

இவ்வளவு செய்து குறி துல்லியமாகிறதா? இதில் ஒத்த கருத்து இல்லை. காய்ச்சிய உறையையும் காய்ச்சாததையும் சுட்டுப் பார்த்து வேறுபாடே தெரியவில்லை என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை சுட்டதும் காய்ச்சாமல் நிரப்பவே மாட்டேன் என்பவர்களும் இருக்கிறார்கள். கழுத்துக் கீறல் தள்ளிப்போகும் என்பதில் மட்டும் சண்டை குறைவு. குட்டையான, நேர் உருளையான பிஸ்டல் உறைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். கரும்பொடி என்ற பழைய வகை வெடிமருந்தில் ரைபிள் சுடுகிறவர்கள் ஒரு தனி ரகம்: அந்த மருந்தில் அழுத்தம் குறைவு, கழுத்து கெட்டியாக இருந்தால் அறைச் சுவரோடு ஒட்டாமல் புகை பின்னால் வழிந்து உறை முழுக்கக் கரியாகும். அவர்களுக்கு இயந்திரம் வேலை செய்ததா என்று சொல்ல எந்தக் கருவியும் வேண்டாம். வெளியே விழுந்த உறையை எடுத்து, கரி கழுத்தோடு நின்றிருக்கிறதா, அடிவரை வழிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.